பிடிக்காதவர்கள் மட்டும் உட்காரலாம்

லெனர்ட் டிப்பெட் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பஸ் ஓட்டிப் பிழைத்தவர். இடுப்பு எலும்பு முறிந்து, இனி மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு, பெக்ஸ்ஹில் கடற்கரையில் இருக்கும் லாரல் பேங்க் முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று சொல்லி அறையைக் கொடுத்தார்கள். திறந்தபோது பக்கத்துக் கட்டிடத்தின் மழைநீர்க் குழாய் தெரிந்தது. அதற்கெல்லாம் லென் முகம் சுளிக்கவில்லை. முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வியாழக்கிழமை எட்டு மணிக்கு இங்கே டிவியில் 'மெர்சர் பள்ளத்தாக்கு' பார்க்கலாமா?

மேஜையில் இருந்த அத்தனை ஸ்பூன்களும் கஸ்டர்ட் கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றன.

மிஸ் வேவெல் நாப்கினால் உதட்டை ஒற்றிக்கொண்டார். அவர் பெண்கள் பள்ளியொன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவருக்கு யாரும் தெளிவாக எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

"மிஸ்டர் டிப்பெட், இந்த வீட்டுல அமெரிக்க நாடகம் பாக்குற பழக்கம் கிடையாது. பாக்குறவங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

லென் தலையைக் குனிந்துகொண்டு கஸ்டர்டைத் தின்றார். ஆனால் மனசுக்குள் சங்கடமாகிவிட்டது. அவருக்கு அந்த நாடகம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஒரே மகள் லோர்னா, கேரி என்ற அமெரிக்கனைக் கட்டிக்கொண்டு ஓஹையோவுக்குப் போய்விட்டாள். அம்மா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவும் மகளும் பேசுவார்கள். லென் பக்கத்தில் நின்று, "நானும் கேட்டேன்னு சொல்லு" என்பார். அம்மா போனபிறகு அப்பாவும் மகளும் அந்த போனின் இரண்டு முனையிலும் திகைத்து நின்றார்கள். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அப்போதுதான் மெர்சர் பள்ளத்தாக்கு வந்து காப்பாற்றியது. பண்ணைக்காரி லொரெட்டா, அவளுடைய மகன்கள் கிளே, ட்வைட், அவர்கள் அடித்துக்கொள்ளும் வடக்கு மேய்ச்சல் நிலம், அதன் அடியில் கிடக்கும் எண்ணெய். வியாழன் பார்த்ததை லென் ஞாயிறு சொல்வார். இங்கே வருவது அங்கே ஒரு வருஷத்துக்கு முன்பே ஓடி முடிந்தது என்பதால் லோர்னா, "அடுத்து என்னன்னு என் வாயைக் கிளறாதீங்கப்பா" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

வியாழக்கிழமை, பேப்பராவது படிக்கலாம் என்று கூடத்துக்குப் போன லென் வாசலிலேயே நின்றுவிட்டார். சோபா, நாற்காலி, சக்கர நாற்காலி எல்லாம் நிரம்பியிருந்தன. கோட்டும் முத்துமாலையுமாய் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு சின்னக் கோப்பையில் ஷெர்ரி ஒயின். டிவியில் மெர்சர் பள்ளத்தாக்கின் இசை தொடங்கியது, குதிரைகள் ஓடின.

லென் சந்தோஷத்தில் அருகில் இருந்தவரிடம், "பாக்க மாட்டீங்கன்னு சொன்னாங்களே" என்றார்.

அருகில் இருந்தவர் ஹ்யூ லாஸ்கம், கல்வி அமைச்சகத்தில் ஏதோ ஒரு பிரிவின் துணைச் செயலராக இருந்தவர். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் பதில் சொன்னார். "நாங்க பாக்கலை. கண்காணிக்கிறோம்."

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ தவறுதலாக டிவியைப் போட்டுவிட, இந்த நாடகத்தின் முதல் காட்சி கண்ணில் பட்டுவிட்டது. இப்படியொரு மட்டமான சரக்கை ஒளிபரப்பலாமா என்று நிலையத்துக்குக் கண்டனம் எழுத முடிவு செய்தார்கள். பார்க்காமல் கண்டிப்பது நாகரிகம் இல்லை என்று மிஸ் வேவெல் சொன்னார். அதனால் ஒரு கண்காணிப்புக் குழு அமைந்தது. அன்றிலிருந்து ஒரு வாரம் தவறவில்லை. திருமதி ஃபென்னின் கணவர் அடக்கம் வியாழக்கிழமையில் வந்தபோது, அதை முன்னதாக முடித்துக் கொடுக்கும்படி பாதிரியாரிடம் கேட்டுக்கொண்டார்களாம்.

நாடகம் ஓடும்போது வெறுப்பைக் காட்டுவதற்கும் ஒரு முறை இருந்தது. முத்தக் காட்சி என்றால் 'ச்'. துப்பாக்கி என்றால் பெருமூச்சு. யாராவது சொத்துப் பற்றிச் சத்தமாகப் பேசினால் மிஸ் வேவெல் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார், காதை மூடமாட்டார். லென் பின்வரிசையில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, ட்வைட் மாட்டுத்தொட்டியில் விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். முன்வரிசையில் எட்டுத் தலைகள் திரும்பின.

முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஒவ்வொருவரும் ஒரு ஆட்சேபம் சொல்ல வேண்டும். லாஸ்கம் எழுந்தார்.

"இன்னைக்கு லொரெட்டா அந்த நிலத்தை விக்கப் பாக்குறா. அவ மாமனார் சாகும்போது அவ கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னார்? வடக்கு நிலத்தை மட்டும் விட்டுராதேன்னு சொன்னார். மழை பெஞ்சுக்கிட்டிருந்தது. அவர் கைவிரல்ல மோதிரம் கூட இல்லை. எழுதுறவனுக்கு அதெல்லாம் மறந்துபோச்சு. எனக்கு மறக்கலை. ஒரு குடும்பத்தை இப்படியா சிதைக்கிறது? இதுதான் அமெரிக்கத் தரம்." கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தார்.

வரிசை சுற்றி லென்னிடம் வந்தது. அவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"எனக்குப் பிடிச்சிருந்தது."

மிஸ் வேவெல் கடிந்துகொள்ளவில்லை; கடிந்துகொண்டிருந்தால் தேவலை. வகுப்பில் வாந்தி எடுத்த பிள்ளையைப் பார்ப்பதுபோல இரக்கத்தோடு பார்த்தார். மறுநாள் காலை கூடத்தின் கதவில் ஒரு அட்டை தொங்கியது. ரசிக்கும் மனநிலையோடு இருப்பவர்கள் அறையில் இருந்தால் கண்காணிப்பின் நடுநிலை கெடுகிறது. எனவே வியாழன் எட்டு மணிக்கு நிகழ்ச்சி பிடிக்காதவர்கள் மட்டும் உட்காரலாம்.

லென் இல்லத்தை நடத்தும் திருமதி பைக்கிடம் முறையிட்டார். நாடகம் பிடிக்கும் ஒரே ஆள் நான், எனக்கு மட்டும் இடமில்லை, பிடிக்காதவர்கள் எல்லாரும் மெத்தையில் சாய்ந்து பார்க்கிறார்கள், இதில் என்ன நியாயம் என்று கேட்டார். திருமதி பைக் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்களைப் பாக்க வேணாம்னு யாருமே சொல்லலை, மிஸ்டர் டிப்பெட். பிடிக்காம பாருங்கன்னுதான் சொல்றாங்க. அதுல என்ன கஷ்டம்? இந்த நாட்டுல எல்லாரும் அப்படித்தானே பாக்குறோம். நானும் வீட்டுல துணி மடிக்கிறப்ப அது ஓடும். கண்ணு தானா அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான். போன வாரம் மடிக்கத் துணி இல்லாம மடிச்சதையே பிரிச்சு மடிச்சேன். அதுக்காக அதைப் பிடிக்கும்னு சொல்லிக்கிட்டு அலையறேனா?"

லென் தெருமுனை பப்புக்குப் போய்ப் பார்த்தார். வியாழக்கிழமை அங்கே பலகையில் குட்டி அம்பெறியும் டார்ட்ஸ் போட்டி, டிவியை அணைத்துவிடுவார்கள். அவர் போய்க் கேட்டபோது பப்காரர், அமெரிக்கக் குப்பையெல்லாம் இங்கே போடமாட்டோம் என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, கிளே உயிரோடு இருக்கிறானா என்று மட்டும் கேட்டார்.

வேறு வழியில்லாமல் பிடிக்காமல் பார்ப்பது என்று லென் முடிவு செய்தார். கசாப்புக்கடைக்காரர் விதவை டாலி ஃபென் அவருக்கு உதவிக்கு வந்தாள். குழுவில் பின்வரிசைக்காரி, 'ச்' கொட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"மூஞ்சியை இப்படித் தொங்கவிடாதே லென், அது சோகம். நமக்கு வேண்டியது அலுப்பு. கெட்டுப்போன மீனை உன் தட்டுல வெச்சுட்டாங்க, ஆனா நீ விருந்தாளி, வாயைத் திறக்க முடியாது. அப்படி வெச்சுக்க."

லென் சவரக் கண்ணாடியின் முன்னால் நின்று பழகினார். பிறகு குழுவின் நேர்காணலுக்குப் போனார். ஆட்சேபம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். நிறைய யோசித்து, கிளேயின் தொப்பி ரொம்பப் பெரிது என்றார். மூன்று பேர் தனியே கூடி அதை ஆராய்ந்தார்கள். லாஸ்கம் வெளியே வந்து, அது ஆட்சேபம் இல்லை, பாசம் என்று அறிவித்தார். தொப்பியை அவ்வளவு கவனித்திருப்பதே சந்தேகத்துக்கு இடமானது. முதலில் அவருடைய ரசனையைச் சீர்படுத்த வேண்டும்.

சீர்படுத்துவதற்காக இங்கிலாந்து நாடகம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒருவர் நிலக்கரிக் கொட்டகையின் சாவியைத் தேடுகிறார். அவர் மனைவி ஜன்னல் வழியே மழையைப் பார்க்கிறாள். மூன்றாம் வாரம் சாவி கிடைக்கிறது. ஆனால் அதற்குள் நிலக்கரி தீர்ந்துவிட்டது. குழுவில் ஒருவர்கூட அதைப் பார்க்க வரவில்லை. நல்ல நாடகம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தபடியால் அவர்கள் பார்க்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. லென் தனியாக அந்தப் பெரிய கூடத்தில் உட்கார்ந்து தூங்கிப்போனார். எட்டிப்பார்த்த மிஸ் வேவெல், "மரியாதையாத் தூங்குறார். முன்னேற்றம் தெரியுது" என்றாராம்.

ஒரு வழியாக, சோதனை முறையில் ஒரு வியாழன் அனுமதி கிடைத்தது. லென் மீன்முகத்தோடு போய் உட்கார்ந்தார். முத்தத்துக்கு 'ச்' கொட்டினார். துப்பாக்கிக்குப் பெருமூச்சு விட்டார். கடைசியில், ஹெலிகாப்டரில் எரிந்துபோனான் என்று எல்லாரும் நினைத்திருந்த கிளே, பண்ணைவாசலில் குதிரையோடு வந்து நின்றான். லென்னின் முகம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. காதுவரை பல் தெரிந்தது. பக்கத்தில் லாஸ்கம் தாரைதாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அது ஆத்திரத்தால் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. லென்னின் புன்னகைக்கு விளக்கம் இல்லை. அவரை எழுந்துபோகச் சொன்னார்கள். கிளே வாயைத் திறந்து என்ன சொன்னான் என்பது, கதவு மூடிவிட்டதால், அவர் காதில் விழவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகள் நிற்கவில்லை. மகளிடம் சொல்ல லென்னுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு டிவிகூடப் பார்க்க வக்கில்லாத இடத்தில் அப்பா இருக்கிறார் என்று அவள் நினைத்துவிடுவாளே. அதனால் கதையைத் தாமாகவே கட்டிவிட்டார். ஒரு வாரம் லொரெட்டாவுக்குக் கல்யாணம் என்றார். அடுத்த வாரம், யாரோடு என்று சொன்னோம் என்பது மறந்து, அவளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார். ட்வைட்டைச் சிறையில் போட்டுவிட்டு, மறு ஞாயிறு அவனை நடன விருந்துக்கு அனுப்பினார். லோர்னா இடையிடையே "ம்" என்றாள். அந்த 'ம்' வாராவாரம் நீண்டுகொண்டே போயிற்று.

பிறகு அவள் திருமதி பைக்குக்கு போன் செய்து, அப்பாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது, போன வாரம் சொன்னது இந்த வாரம் நினைவில்லை என்று அழுதிருக்கிறாள். டாக்டர் வந்தார். இது என்ன மாதம், பிரதமர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றார். லென் கழித்தார். ஒரு குறையும் இல்லை என்று பையை மூடிய டாக்டர், தான் அதையெல்லாம் பார்ப்பதில்லை, மனைவி போட்டுவைப்பாள், இருந்தாலும் வடக்கு நிலம் கடைசியில் யாருக்குத்தான் என்றார். லென்னுக்குத் தெரியவில்லை. டாக்டர் பையை மறுபடி திறந்து ஏதோ எழுதினார்.

அந்த வாரம்தான் ஒளிபரப்பு நிலையத்திலிருந்து பதில் வந்தது. லாரல் பேங்க் குழுவின் கண்டனங்களைத் தொடர்ந்து படித்துவருகிறோம். அவற்றில் உள்ள நியாயத்தை ஏற்கிறோம். மெர்சர் பள்ளத்தாக்கு உடனடியாக நிறுத்தப்படுகிறது.

மிஸ் வேவெல் அதைச் சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று படித்தார். "வெற்றி" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். ஓட்டைக் குழாயில் சொட்டும் தண்ணீரைப் போல அது விட்டு விட்டுக் கேட்டது.

அடுத்த வியாழன் எட்டு மணிக்கு அதே கோட்டு, அதே முத்துமாலை. டிவியில் இங்கிலாந்தின் கால்வாய் மதகுகள் பற்றிய நிகழ்ச்சி. ஒரு மதகு மெல்லத் திறந்தது. தண்ணீர் ஏறியது. பிறகு மெல்ல மூடியது.

"எவ்வளவு நிதானமா இருக்கு பாருங்க" என்றார் மிஸ் வேவெல்.

"ஆமா" என்றார் லாஸ்கம். "ரொம்ப நிதானம்." ஷெர்ரியை ஒரே வாயில் குடித்துவிட்டுப் படுக்கப் போனார். சனிக்கிழமைக்குள் வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதே நின்றுபோயிற்று. யார் முதலில் கண்டனம் எழுதச் சொன்னது என்று பின்வரிசையில் விசாரணை நடந்தது. மிஸ் வேவெலின் தட்டுக்கு ரொட்டிக் கூடையை யாரும் தள்ளிவிடவில்லை.

ஞாயிறு காலை மிஸ் வேவெல் லென்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார். முதல் தடவையாக 'லெனர்ட்' என்றார். தம் கையாலேயே பிஸ்கட்டை நீட்டினார்.

"உங்க பொண்ணு அந்த நாட்டுலதானே இருக்காங்க. அங்கே எல்லாம் முன்னாடியே ஓடிருமாமே. எங்களுக்கு ஒண்ணும் ஆர்வம் இல்லை. ஆனா ஒரு வேலையைப் பாதியில விடுறது நல்ல பழக்கம் இல்லை பாருங்க. நிலம் யாருக்குப் போகுது, கிளே எப்படித் தப்பிச்சான், லொரெட்டா அந்த வக்கீலை நம்புறாளா, அவ நம்பக்கூடாது, இதைக் கேட்டுச் சொன்னீங்கன்னா கண்காணிப்பை முறையா முடிச்சுரலாம்."

அன்று சாயங்காலம் நடையில் இருந்த டெலிபோனைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. ஒருவர் சுவரில் இருந்த பெக்ஸ்ஹில் வரைபடத்தை ஆராய்ந்தார். ஒருவர் பூச்சாடியில் இருந்த பிளாஸ்டிக் பூவுக்குத் தண்ணீர் ஊற்றினார். மணி அடித்ததும் லாஸ்கம் தாமே ரிசீவரை எடுத்து லென்னின் கையில் கொடுத்தார்.

லென் உண்மையைச் சொல்லிவிட்டார். இத்தனை வாரமாய் நான் நாடகமே பார்க்கவில்லை, சொன்னதெல்லாம் என் கற்பனை, இப்போது அதை நிறுத்தியும் விட்டார்கள், நீதான் மிச்சக் கதையைச் சொல்ல வேண்டும் என்றார்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அப்பா," என்றாள் லோர்னா, "நான் அதைப் பாத்ததே இல்லை."

"எந்த வாரத்தை?"

"எந்த வாரமும். இங்கே எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் அதைப் பாக்குறதில்லைப்பா. நீங்க சொல்றதைத்தான் கேட்டுக்குவேன். அதனாலதான் நீங்க மாத்தி மாத்திச் சொன்னப்ப பயந்துட்டேன்."

லென் சுவரில் சாய்ந்துகொண்டார். "பின்னே எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவியே."

"அப்பதானே நீங்க பேசுவீங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கேரி வசந்த காலத்துலயே என்னை விட்டுட்டுப் போயிட்டான்ப்பா. நான் ராத்திரி ஷிஃப்ட்ல ஒரு பேக்கரியில இருக்கேன். சொல்லணும்னுதான் ஒவ்வொரு வாரமும் போன் எடுப்பேன். நீங்க லொரெட்டாவைப் பத்தி அவ்வளவு ஆசையா பேசிக்கிட்டிருப்பீங்க. நடுவுல இதை எங்கே சொல்றது?"

மிஸ் வேவெல் புருவத்தை உயர்த்தி, நிலம் என்னாயிற்று என்று வாயசைத்துக் கேட்டார். லென் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"இப்பச் சொல்லு," என்றார் மகளிடம். "முதல்லேருந்து."

அவள் சொன்னாள். அவர் "ம்" என்றார். பதில் என்ன சொல்வது என்று அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் எதிர்பார்த்ததும் பதிலை அல்ல என்று தெரிந்தது. வாடகை, கேரி எடுத்துக்கொண்டு போன கார், மாவு மூட்டையைத் தூக்கிச் சுளுக்கிய தோள், பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுக்கும் சூப். வைக்கும் முன்னால், வியாழக்கிழமை தனக்கு லீவு என்றும், அன்றைக்கும் கூப்பிடட்டுமா என்றும் கேட்டாள். கூப்பிடு என்றார்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் அத்தனை முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. லென் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த லாஸ்கம், லொரெட்டா போய்விட்டாள் என்றே முடிவுகட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியாது" என்றார் லென். "அவ பாக்குறதில்லை. அமெரிக்காவுல அவளுக்குத் தெரிஞ்ச யாருமே பாக்குறதில்லையாம்."

மிஸ் வேவெலின் முகத்தில் ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக விடிந்தது.

"அமெரிக்கர்களே பாக்குறதில்லையா?"

"இல்லையாம்."

"அவங்களுக்கு அது புரியலை" என்றார் மிஸ் வேவெல், தம் மாணவிகளுக்கு ஒரு புதிய பாடத்தைத் தொடங்குவதுபோல. "நான் ஆரம்பத்துலேருந்தே சந்தேகப்பட்டேன். அந்தக் குடும்பப் பொறுப்பு, அந்த நிலப்பற்று, லொரெட்டாவோட அந்த அடக்கம். இதெல்லாம் அந்த ஊர்ச் சரக்கே இல்லை. அடிப்படையில இது நம்ம நாடகம். தப்பான நாட்டுல எடுத்துட்டாங்க."

லாஸ்கம் சுவரை விட்டு நிமிர்ந்து, தாமும் அதையேதான் இரண்டு வருஷமாகச் சொல்லிவருவதாகச் சொன்னார். அங்கேயே நின்றபடி, ஒருமனதாக, நிலையத்துக்குப் புதிய கண்டனம் எழுத முடிவாயிற்று. அமெரிக்கர்களுக்கு எட்டாத ஒரு கலைப்படைப்பை, யாரோ விவரம் தெரியாதவர்கள் எழுதிய புகார்களை நம்பி நிறுத்தியது வெட்கக்கேடு. நிலையத்தாரும் மறுக்கவில்லை. பொதுமக்களின் பேராதரவைக் கருத்தில் கொண்டு நாடகத்தை மீண்டும் தொடங்குவதாக எழுதினார்கள். கதவில் இருந்த அட்டை போயிற்று. நாடகத்தின் நயம் தெரிந்தவர்கள் மட்டும் வரலாம் என்று வேறொன்று வந்தது. மிஸ் வேவெல் லென்னைக் கூப்பிட்டு, உங்களுக்கு இதில் இயல்பாகவே கொஞ்சம் நயம் உண்டு என்பதை நான் அன்றே கவனித்தேன், முன்வரிசையில் நடு நாற்காலி உங்களுக்குத்தான் என்றார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு அந்த நாற்காலி காலியாக இருந்தது. லென் நடையில், டெலிபோன் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். போன் கையில் இருந்தது. லோர்னா ஏதோ ஒரு வேலைக்கு மனு போட்டிருப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து குதிரைகள் ஓடும் சத்தம் எழுந்து, அவள் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. லென் எழுந்து கதவைச் சாத்தப் போனார். கதவு கிறீச்சிட்டதும் முன்வரிசையில் எட்டுத் தலைகள் ஒன்றாகத் திரும்பி, "உஷ்" என்றன.

அவர் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னப்பா சத்தம்?"

"ஒண்ணுமில்லை. யாரோ டிவி பாக்குறாங்க" என்றார் லென். "நீ சொல்லும்மா."